படிக்காமல் போட்ட கையெழுத்து

பிப்ரவரி 27, வியாழன்

இது எந்த வருடம் என்று பின்னால் யாராவது கேட்டால், ஆறு இரண்டாம் முறையாக எங்கள் பள்ளத்தாக்குக்குள் ஏறி வந்த வருடம். முட்டைக்கு வந்த விலையைப் பார்த்து, கோழியைத் தொட்டே அறியாதவனெல்லாம் கோழி வாங்கிய வருடம். திருநர் யாரும் இனிப் பட்டாளத்தில் இருக்கக் கூடாது என்று வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்த வருடம். என் கீழ்வரிசைக் கடைசிப் பல் விழுந்ததும் இந்தக் குளிர்காலத்தில்தான்.

நான் எழுதவில்லை. எனக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது. பேசுகிறேன், கிட்வெல் கொடுத்த பழைய போன் எழுதிக்கொள்கிறது. தேதியையும் அதுவே போடுகிறதாம். நான் சொன்னதைத்தான் எழுதுகிறதா என்று பார்க்க எனக்கு வழியில்லை. நம்ப வேண்டியதுதான். எல்லாத் தாளையும் அப்படித்தான் நம்பி வந்திருக்கிறேன்.

"உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு கிழவா, எதுவும் தாள்ல இல்ல. நீ போனா கூடவே போயிடும். பேசு இதுல" என்றாள்.

"யார் படிக்கப் போறா?"

"யாராச்சும். நானில்ல. உன் உளறல வாரத்துக்கு ஒரு நாள் கேட்கிறதே எனக்குப் போதும்."

சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நான் பீன்ஸ் சட்டியைக் கிளறுவது போல் திரும்பிக்கொண்டேன்.

பிப்ரவரி 28

நேற்று கிட்வெல் யார் என்று சொல்லாமல் விட்டேன்.

வியட்நாமில், பிளேக்குவில், வண்டி பழுதுபார்க்கும் கொட்டகையில் நாங்கள் ஆறு பேர். சார்ஜென்ட் லஸ்கோவ்ஸ்கி, டிப்ஸ், ஆர்சே, தட்டச்சு அடிக்கும் விட்கோம், கிட்வெல், நான். என்னைப் போலப் பரீட்சையில் தேறாதவர்களையும், படிக்கத் தெரியும் என்று வாயால் சொன்னாலே, அந்த வருடங்களில் பட்டாளத்தில் எடுத்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது என்று கிட்வெல்லுக்கு மட்டும் தெரியும். அம்மாவுக்கு என் கடிதங்களை எழுதியது அவள். சம்பளத் தாளில் நான் கையெழுத்துக்குப் பதில் எக்ஸ் குறி போட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று, கிரீஸ் டப்பா மூடியின் மேல் ஆணியால் கீறி, என் பெயரைப் படம் வரைவது போல வரையச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். உலகத்தில் நான் வாசிக்கக்கூடிய ஒரே எழுத்து அது.

அப்போது ஊர் கண்ணுக்கு அவள் ஆண். அந்தப் பழைய முதற்பெயரை இந்த இயந்திரத்தில் சொல்ல மாட்டேன். அது அவளுடையது இல்லை. பட்டாளத்தில் யாருக்கும் முதற்பெயர் கிடையாது, குடும்பப் பெயர்தான். அவள் பெட்டியிலிருந்து ஒரு பெண் சட்டையையும் ஒரு மருத்துவருக்கு எழுதிய கடிதத்தையும் எடுத்து, 1970 அக்டோபரில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். தகுதியற்றவர் என்று எழுதிய விடுவிப்புத் தாளோடு.

1979 கோடையில் நீலப் பாவாடை கட்டிக்கொண்டு என் வாசலில் நின்றாள். என் மனைவி ஐலீன் உள்ளே வந்து, "யாரோ ஒரு பொம்பள உங்களத் தேடி வந்திருக்கா" என்றாள். போய்ப் பார்த்தேன். என்ன பேசுவது? "கிட்வெல், என் டிரக்கு ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்றேன். பாவாடையை முடிச்சுப் போட்டுக்கொண்டு என்ஜின் மூடியைத் திறந்தாள். கார்புரேட்டரில் அழுக்கு.

திருநங்கை என்ற சொல்லெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். ஊர் அவளை வெர்னா என்கிறது. எனக்கு அன்றும் கிட்வெல், இன்றும் கிட்வெல். ஐலீன் போனபின் இந்தப் பதினான்கு வருடமாக வியாழன்தோறும் வந்து என் தபாலைப் படிக்கிறாள். நான் பீன்ஸும் சோள ரொட்டியும் போடுகிறேன்.

மார்ச் 6, வியாழன்

மருத்துவர் கிட்வெல்லைப் படம் எடுத்துப் பார்த்தாராம். நுரையீரல் இரண்டும் பழைய சல்லடை மாதிரி இருக்கிறதாம். தனியாக இருக்கக் கூடாது. எந்நேரமும் ஆக்சிஜன் வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் படைவீரர் இல்லம் இருக்கிறது. செவிலியர் உண்டு, கட்டில் உண்டு, செத்தால் கல்லறைக் கல்லும் உண்டு. அந்த விடுவிப்புத் தாள் இருக்கும்வரை அவளுக்கு எதுவும் கிடையாது.

கவுண்டி அலுவலகத்தில் படைவீரர் மனுக்களைப் பார்க்கிற டோனெட்டா நல்ல பெண். "தாளைத் திருத்தச் சொல்லி பட்டாளத்து போர்டுக்கு மனு போடலாம். கூட இருந்த ஒருத்தர் சாட்சி சொன்னா பலம்" என்றாள்.

"ஒருத்தர் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்றேன். எனக்கு என்ன சந்தோஷம்! சொன்னேன், டோனெட்டா தட்டச்சு அடித்தாள். கொட்டகையில் கிட்வெல்லைப் போல வேலை தெரிந்தவர் இல்லை, கண்ணிவெடியில் சிக்கிய டிரக்கிலிருந்து டிப்ஸை இழுத்து வெளியே போட்டது அவள், பாதித் துருப்புக்கு அவள்தான் கடிதம் எழுதினாள், எல்லாம்.

"படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"கண்ணாடிய விட்டுட்டு வந்துட்டேன். நீயே சத்தமாப் படி கண்ணு."

கிட்வெல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். அவளுக்குத் தெரியும், எனக்குக் கண்ணாடியே கிடையாது.

மார்ச் 19

மழை. மறுபடி ஏறுமோ என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

அவளுடைய பழைய கோப்பின் நகல் வந்தது. கனமான உறை. சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தாள். மூக்குக் குழாயோடு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு, எனக்காகச் சத்தமாகப் படித்தாள். பிறந்த ஊர், உயரம், தடுப்பூசி. "எடை நூத்து முப்பத்தெட்டு பவுண்டு! ஞாபகமிருக்கா கிழவா, இடுப்பு இருந்துச்சு எனக்கு."

அடுத்த தாளில் குரல் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. பழைய குப்பை. பீன்ஸ் ஆறுது பாரு."

நாற்பத்தாறு வருடமாக என் சமையலறையில் உட்காருகிறவள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. நான் கையை நீட்டித் தாளைத் திருப்பினேன்.

பக்கம் நிறைய எறும்பு. கீழே என் கையெழுத்து.

ஆணியால் கீறிப் பழகிய அதே வளைவு, அதே வால்.

"படி" என்றேன்.

"வேணாம்."

"கிட்வெல், படி."

படித்தாள். நான் சொன்னதாக இருந்தது. இந்தச் சிப்பாய் பெண் உடை உடுத்தியதை நான் பலமுறை பார்த்தேனாம். என்னிடம் தகாத முறையில் நடக்க முயன்றதாம். நான் பயந்து வேறு கூடாரம் கேட்டேனாம். வெட்கக்கேடான சொற்கள் இரண்டு மூன்று இருந்தன. எனக்கு அப்போது அந்தச் சொற்களே தெரியாது.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வரவில்லை என்று எப்படிச் சொல்வேன்? விசாரணைக்கு வந்த அதிகாரி நல்லவராகத்தான் பேசினார். "கிட்வெல் உன் கடிதங்களை எழுதுவது உண்மைதானே?" என்று கேட்டார். உண்மைதான் என்றேன். "அதை எழுதியிருக்கிறோம், படித்துவிட்டுப் போடு" என்றார். எனக்கு ஒரு வித்தை உண்டு. ஒரு பக்கத்துக்கு நாற்பது எண்ண வேண்டும். கண்ணை இடமிருந்து வலமாக விட்டு, மெல்ல இறக்கி, இருபதில் ஒரு தடவை புருவத்தைச் சுருக்க வேண்டும். நாற்பதில் தலையாட்ட வேண்டும். அன்றும் நாற்பது எண்ணினேன். அவள் நல்ல வேலைக்காரி என்று எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போட்டேன்.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"அன்னிக்கே காட்டினாங்க."

"தெரிஞ்சுமா என் வாசலுக்கு வந்த?"

"நீ படிச்சிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? உன் கடிதத்த எழுதினவ நான்தானே."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே, இவனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு! ஒரு வார்த்த—"

"சொன்னா உன்னையும் பிடிச்சு அனுப்பியிருப்பானுங்க. பொய் சொல்லிச் சேர்ந்தான்னு. உங்கம்மா அந்தக் குடிசையில உன்ன நம்பி உட்கார்ந்திருந்தா. அவளுக்குக் கடிதம் எழுதினவளுக்கு அது தெரியாதா?" மூச்சு வாங்கினாள். அப்புறம் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். "அழகாத்தான் போட்டிருக்க. சொல்லிக்கொடுத்தது யாரு!"

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, குழாயைப் பிடித்துக்கொண்டு மேசையில் தலையைக் கவிழ்த்தாள். நான் முதுகைத் தடவினேன். வேறென்ன செய்ய? என்ன செய்ய நான்?

ஏப்ரல் 11

சாப்பிடவில்லை.

ஏப்ரல் 14

டோனெட்டாவிடம் போய்ச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்று. எழுபத்தேழு வயதில், என் வாயால், ஒரு பெண்பிள்ளையிடம். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினாள். அதற்கு அவளுக்கு நன்றி.

"அந்த வாக்குமூலத் தாள் போர்டு கையிலயும் இருக்கும். இப்ப நீங்க சொல்றதும் அப்ப கையெழுத்துப் போட்டதும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். அன்னிக்கு உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நிரூபிக்கணும். பள்ளிக்கூடச் சான்று இருக்கா?"

நான் போன பள்ளிக்கூடம் ஒரே அறை. 1961-இல் எரிந்தது. நான் அதற்கு முன்பே நின்றுவிட்டேன்.

"அந்தக் கடிதங்கள்? வெர்னா கையெழுத்துல உங்கம்மாவுக்குப் போனது?"

அம்மா அத்தனையும் தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். ஐம்பது வருடம் என் கட்டிலடியில் கிடந்தது. பிப்ரவரி வெள்ளத்தில் பின்னறைச் சுவரோடு போனது. நான் அதைத் தேடக்கூட இல்லை. படிக்கத் தெரியாதவனுக்குக் கடிதம் எதற்கு என்று இருந்துவிட்டேன். பழைய மண்வெட்டியைத் தேடி எடுத்தேன், பெட்டியைத் தேடவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

ஆற்றோரம் மூன்று மைல் நடந்தேன். ஒரு தகர மூடி கிடைத்தது. எங்களுடையது இல்லை.

மே 26, திங்கள்

இறந்த படைவீரர் நினைவு நாள். இருபத்திரண்டு வருடமாக எங்கள் படைவீரர் மன்றத்தில் ஜெபம் சொல்வது நான். பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். கறுப்பு அட்டை ஜெபப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, முடியும்வரை வழக்கம்போலச் சொன்னேன். ஆமென் ஆனதும் புத்தகத்தை மூடவில்லை.

"டென்னி, இங்க வா. நான் எந்தப் பக்கம் படிச்சேன்னு எல்லோருக்கும் சொல்லு."

டென்னி ராபினெட் எங்கள் மன்றத் தலைவன். ஈராக்கில் இருந்தவன். வந்து எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இது கல்யாணத்துக்குச் சொல்றது" என்றான்.

இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு செத்தவர்களுக்கு ஜெபம் சொல்லியிருக்கிறேன். எனக்கே அப்போதுதான் தெரியும். முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். நானும் சிரித்தேன். "அதான் என் பொண்டாட்டி என்னை விட்டுப் போகவே மாட்டேங்கிறாளா!" என்று ஒரு குரல். நன்றாகத்தான் இருந்தது, அந்த ஒரு நிமிடம்.

பிறகு எதற்காகச் சொல்கிறேன் என்று சொன்னேன். கிட்வெல் பெயரைச் சொன்னதும் சிரிப்பு அடங்கிப்போனது. காபிக் கோப்பைகள் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

பின்வரிசையில் ஒருவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "படிக்கத் தெரியாதது பாவமில்ல பெரியவரே. ஆனா அத இதுக்கா கொண்டுவந்து செலவழிக்கிறீங்க?"

"அவ டிப்ஸை இழுத்துப் போட்டப்ப நீ பொறக்கவேயில்ல" என்றேன். காதில் விழுந்ததோ என்னவோ. ஆறு பேர் அவர் பின்னாலேயே போனார்கள்.

நான்கு பேர் சாட்சித் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். டென்னி கடைசியாக. "உங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்கிறதுக்குத்தான் போடுறேன். அந்தாளுக்காக இல்ல" என்றான். சரி என்றேன். யாருக்காகப் போட்டாலும் மை மைதானே.

மே 27

டோனெட்டா நான்கு தாளையும் பார்த்தாள். "நல்லதுதான். ஆனா இவங்க யாருக்கும் உங்கள 1970-ல தெரியாதே" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

கிட்வெல் வர முடியவில்லை. நான்தான் பீன்ஸை எடுத்துக்கொண்டு போனேன். தொலைக்காட்சியில், இப்போது பட்டாளத்திலிருந்து வெளியேறச் சொல்லப்பட்டவர்களைக் காட்டினார்கள். ஒரு பெண், இருபது வருடம் சேவை, மார்பு நிறையப் பதக்கம். அழவில்லை. பொத்தானைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"பாரு, அந்தத் தாள இன்னும் தட்டச்சு அடிச்சுட்டுத்தான் இருக்கானுங்க" என்றாள் கிட்வெல். "மெஷின்தான் புதுசு."

"அணைக்கட்டுமா?"

"இரு. அவ பேசி முடிக்கட்டும்."

ஜூலை 22

கொட்டகையில் இருந்தவர்களைத் தேடினோம். எனக்கு எல்லாம் தெரியும், தேட என்ன இருக்கிறது? கிட்வெல் இழுத்துப் போட்ட டிப்ஸ், ஊர் திரும்பி 1974-இல் லாரி கவிழ்ந்து போனான். சார்ஜென்ட் 1988. ஆர்சே 2003, அவன் மகள் சொல்லி அனுப்பினாள். மீதி விட்கோம். அந்தத் தாளைத் தட்டச்சு அடித்த அதே விட்கோம். அயோவாவில் இருக்கிறான் என்று கேள்வி.

டோனெட்டா எண்ணைக் கண்டுபிடித்துப் போனை நடுவில் வைத்தாள். அவன் மனைவி எடுத்தாள். பிப்ரவரியில் போய்விட்டானாம். எங்கள் வெள்ளம் வந்த அதே வாரம்.

வைக்கப் போகும்போது அந்த அம்மாள் தானாகச் சொன்னாள்: "அங்க நடந்தது எதையும் அவர் பேச மாட்டார். ஒரே ஒரு தடவ, குடிச்சிருந்தப்ப சொன்னார். ஒரு பையன் தாள்ல என்ன இருக்குன்னு தெரியாமலே கையெழுத்துப் போட்டான், நான் பார்த்துட்டு வாய மூடிட்டு இருந்தேன்னு."

"அந்தப் பையன் நான்தாம்மா" என்றேன்.

டோனெட்டா மெதுவாக, "இத ரெண்டு வரி எழுதித் தர முடியுமாம்மா?" என்றாள்.

"எதுக்கு? செத்த மனுஷன் பேரக் கெடுக்கவா? ஆறு மாசம்கூட ஆகல." வைத்துவிட்டாள்.

மறுபடி கூப்பிட்டோம். எடுக்கவில்லை. கடிதம் போட்டோம். பிரிக்காமல் திரும்பி வந்தது. அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்தால் தேவலை.

ஜூலை 24, வியாழன்

கிட்வெல்லிடம் சொன்னேன். "பார்த்தானா விட்கோம்?" என்றாள். "அப்ப உன் நாற்பது எண்ணுற வித்தை யாரையும் ஏமாத்தல."

அக்டோபர் 30, வியாழன்

பதில் இல்லை. வரிசை நீளமாம். அவள் இரண்டு முறை மருத்துவமனை போய் வந்தாள். படைவீரருடையது இல்லை, ஊர்ப் பொது மருத்துவமனை. நடைவழியில் கட்டில்.

டிசம்பர் 25

இரண்டு பேரும் பன்றித் தொடை சாப்பிட்டோம். அவள் மூன்று கவளம்.

மார்ச் 19, வியாழன்

வந்துவிட்டது. டோனெட்டா தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். அப்போதே எனக்குத் தெரிந்தது. நல்ல செய்தியைப் போனில் சொல்லிவிடுவார்கள்.

கிட்வெல் வீட்டுக் கட்டிலருகே உட்கார்ந்து டோனெட்டா படித்தாள். மனு ஏற்கப்படவில்லை. சாட்சி ஐம்பத்தைந்து வருடம் கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட, சம்பவம் நடந்த காலத்தில் அவரே கையொப்பமிட்டுத் தந்த வாக்குமூலத்துக்கே எடை அதிகம்.

இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். படித்தாள். இப்போது என் மனத்தில் அது முழுதாக இருக்கிறது, எப்போது கேட்டாலும் ஒரு சொல் பிசகாமல் சொல்வேன். அன்றைக்கு நான் ஒரு சொல்கூடச் சொல்லவில்லையே ஐயா! சொன்னது நான் இல்ல, போட்டதுதான் நான். எனக்குள்ள இருக்கிற அத்தனையும் நிஜம், அந்த ஒரு தாள் பொய், அதுதான் கனமாம். யார்கிட்ட போய்ச் சொல்றது இத? எந்தக் கதவத் தட்டுறது?

"மேல்முறையீடு இருக்கு" என்றாள் டோனெட்டா.

"எத்தனை நாளாகும்?" என்றாள் கிட்வெல்.

டோனெட்டா தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். கிட்வெல் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஆறுதல் சொன்னது அவள்தான், எங்கள் இரண்டு பேருக்கும்.

மார்ச் 20

என் முன்னறையைக் காலி செய்தேன். ஐலீனுடைய தையல் மெஷினை மட்டும் ஜன்னலோரம் விட்டேன்.

மார்ச் 24

அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாயிற்று. இரும்புக் கட்டில், ஆக்சிஜன் இயந்திரம், நீலப் பாவாடை ஒன்று. டென்னி வண்டி கொண்டுவந்தான். நான் கேட்கவில்லை. இயந்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்று, "பாட்டரி போனா என் நம்பருக்குப் போடுங்க" என்றான். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. படியிறங்கும்போது, "அவங்களுக்கு வேற ஏதாச்சும் வேணுமா?" என்றான். அவங்களுக்கு.

ஏப்ரல் 9, வியாழன்

தபால் வந்தது. படிக்க அவளுக்கு மூச்சு இல்லை. விளம்பரமாக இருந்தால் ஒரு விரல் காட்டுவாள், வேண்டிய தாளாக இருந்தால் இரண்டு விரல். மூன்று உறைகள். மூன்றும் ஒரு விரல்.

ஏப்ரல் 23, வியாழன்

அவள் பேச்சு நின்று நான்கு நாளாகிறது. காது நன்றாகக் கேட்கிறது. ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் மோதிரத்தால் தட்டுகிறாள்.

காலையில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். நெடுநேரமாகத் தட்டவே இல்லை. போய்ப் பார்க்கப் பயம். அடுப்படியில் நின்றபடியே, பிளேக்குவில் சார்ஜென்ட் காலையில் ஆஜர் எடுப்பாரே, அந்தக் குரலில் கூப்பிட ஆரம்பித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

லஸ்கோவ்ஸ்கி. பதிலில்லை.

டிப்ஸ். பதிலில்லை.

ஆர்சே. பதிலில்லை.

விட்கோம். அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் கொடுத்தேன்.

ஸ்லோன். அது நான். ஆஜர் சார்ஜென்ட் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

கரண்டியை வைத்துவிட்டு முன்னறை வாசலுக்குப் போனேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். கூப்பிட வாயெடுத்தபோது, பழகிய பெயர் போதாது என்று தோன்றியது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட முழுதாகச் சொன்னதில்லை. சொன்னேன்.

கம்பியில் இரண்டு தட்டு.

ஆஜர். வெர்னா கிட்வெல்.